நாவும் நிலமும்

பிறந்த மண்ணைப் பிரிந்தோர், வந்து சேர்ந்த மண்ணின் உணவை விரும்பி உண்பது தாய்நாட்டுப் பற்றுக்கு இழுக்காகுமா? நம்மனையோர் அடுக்களைதோறும் எழும் வினா இது.

பாரிசு நகரின் ‘பிராசரி’ உணவகங்களை எண்ணிப் பார்ப்போம். பீர் வடிக்குமிடம் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். 1871-இல் அல்சாசு செருமானியர் வசமானபோது அதனை நீங்கிப் பாரிசுக்கு வந்தோர் பலர். அவர்களால் இவ்வுணவகங்கள் தழைத்தன. புளிக்கவைத்த முட்டைக்கோசு முதலிய அவர்தம் ஊர்ச்சுவை பாரிசின் சுவையாயிற்று. இன்று பிற நாடுகளில் அப்பெயர் தாங்கும் உணவகங்கள் சில, சமைக்கும் முறையைப் பிரான்சிலிருந்தும், பொருளை அவ்வவ்வூர் வயலிலிருந்தும் பெறுகின்றன. புதுச்சேரியிலோ நம் வடகமே ‘வடுவான்’ என்னும் பெயரோடு பிரெஞ்சுச் சமையலுள் புகுந்தது.

நம் முன்னோர் கருத்தும் இதுவே. தொல்காப்பியம் உணவைக் கருப்பொருளுள் ஒன்றாக வைத்து, நிலத்தோடு பிணைத்தது. குறிஞ்சிக்குத் தினை, மருதத்திற்கு நெல் என்றனர் உரையாசிரியர். நிலம் மாறின் உணவு மாறுதல் இயல்பு.

1965-இல் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பிரிவு தொடங்கப்பெற்ற பாலாநகரில், பணி நாடி வந்த குடும்பங்களுள் எங்களதும் ஒன்று. அண்டை வீட்டுத் தெலுங்கு அம்மையார் சோள ரொட்டியும் கோங்கூராத் துவையலும் அனுப்புவார். இன்முகத்தோடு வாங்கி, உண்ணாது ஒதுக்கிவிடுவோம். ஒருநாள் அவர் மகள் அதனைக் கண்டுவிட்டாள். அதன்பின் அவ்வீட்டுப் பாத்திரம் எம் வாயிலுக்கு வரவில்லை. கோங்கூரா நம் புளிச்சக்கீரையே என்பதைப் பின்னரே அறிந்தேன். நாங்கள் ஒதுக்கியது உணவையன்று, அன்பையே.

சுவை மாறினால் மொழியும் மறையுமே என அஞ்சுவார் உளர். அவ்வச்சம் எள்ளத்தக்கதன்று. ஆயினும், மொழி அழிவது பேசாமையால். பிறர் உணவை உண்பதாலன்று. மகனோடு தமிழில் உரையாடாத வீட்டில் நாள்தோறும் சாம்பார் கொதித்தும் பயன் என்ன? 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற தாண்டூர்த் துவரை இம்மண்ணில் விளைவது. அதனைக் கொண்டு நம் முறையில் சாம்பார் வைப்போமாயின், இரு நிலங்களுக்கும் நன்றி செலுத்தியவராவோம்.

ஆகவே அன்பர்களே, அடுத்த வீட்டிலிருந்து பாத்திரம் வருமாயின், பிள்ளைகள் காணத் திறந்து உண்போமாக. அது வெறுங்கலமாய்த் திரும்பாது, நம் வீட்டுப் பொங்கலோடு திரும்புவதாக!