ஒன்று போதும் என்று சொல்லும் உரிமை

மாமல்லபுரத்துக் கற்குரங்குகளைக் கண்டிருப்பீர்கள். தாய் குட்டிக்குப் பாலூட்டுகிறது. துணை அதன் தலையில் பேன் பார்க்கிறது. மடியிலே இருப்பது ஒரே குட்டி. மனிதத் தாய்க்கும் இயற்கை வகுத்தது பெரும்பாலும் அதுவே.

அங்கிருந்து செங்கற்பட்டு வருகிறோம். கருத்தரிப்பு மைய விளம்பரத்திலே இரட்டைக் குழவிகள் சிரிக்கின்றன! 'இரட்டிப்பு மகிழ்ச்சி'யாம்!

பிள்ளையில்லாதவளை மலடி என்று ஏசி, அரசமரத்தைச் சுற்றவிட்ட சமூகம் இது. குறை ஆணிடமும் இருக்கலாம் என்று எண்ணியும் பாராத சமூகம்! அந்த இருளிலே விஞ்ஞானம் விளக்கேற்றிற்று. 1978-இல் இங்கிலாந்திலே லூயிசு பிரவுன் பிறந்தாள். அதே ஆண்டு கல்கத்தாவிலே டாக்டர் சுபாஷ் முகர்ஜி வெற்றி கண்டார். அவரை ஏளனம் செய்தோம். 1981-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 1990-இல் சென்னையிலும் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். ஆயின் ஒரு கேள்வி.

ஒன்றாவது தங்கட்டும் என்று இரண்டு மூன்று கருக்களைக் கருப்பையில் வைக்கிறார்கள். சில வேளை அத்தனையும் தங்கிவிடுகின்றன. நாற்பது வாரம் இருக்கவேண்டிய சிசுக்கள், மூன்றாய் இருந்தால், ஏறத்தாழ முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வாரத்திலேயே வெளிவருகின்றன, மூச்சுப்பை முதிரவில்லை. தாய்க்கோ இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு. விளம்பரம் இவற்றைச் சொல்லுமோ?

"அவளே கேட்டாள், வைத்தோம்" என்பர் மருத்துவர். உண்மை, கேட்டாள். தாலிக்கொடியை அடகு வைத்து வந்தவள். மறுமுறை வரக் காசில்லாதவள். வெறுங்கையோடு திரும்பினால் மாமியார் முகத்தில் விழிக்கவேண்டியவள். அவள் கேட்டது விருப்பமா, அச்சமா? வறுமை கேட்டதை அவள் கேட்டதாக எழுதிக்கொள்வது எந்த நீதி? இரட்டையரைப் பெற்று மகிழ்வோரை நான் குறை கூறவில்லை, மகிழட்டும்.

மூன்றுக்கு மேல் பொதுவாக வேண்டாம் என்று 2005-இலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நெறி வகுத்தது. மூன்றே அதிகமன்றோ! 2003-இல் பெல்ஜிய நாடு வேறு வழி கண்டது. இளம் பெண்ணுக்கு முதல் முறை ஒரே கரு என்று கட்டுப்படுத்தியது. கூடவே ஆறு முறைக்கான ஆய்வுக்கூடச் செலவை அரசே ஏற்றது. மறுமுறை உண்டு என்ற உறுதி கிடைத்ததும் அச்சம் அகன்றது. அங்கே இம்முறையிலான இரட்டைப் பிறப்பு பாதியளவுக்குக் குறைந்தது.

செங்கற்பட்டு அரசு மருத்துவமனையிலே குறைமாதக் குழந்தைகளைக் காக்க மக்கள் வரிப்பணம் செலவாகிறது, செலவாகட்டும். அதிலே ஒரு பங்கை, "ஒன்றே வையுங்கள், ஐயா" என்று சொல்லத் துணியும் ஏழைப் பெண்ணின் இரண்டாம் முறைக்கு முன்கூட்டியே ஒதுக்கினால் ஆகாதோ?