லாச்சித் திறப்பு யாரிடம்?



புத்தூரில் மிளகாய்த்தூள் ஆலை நடத்தும் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். தோட்டக்காரரிடம் மிளகாய் வாங்கி, வறுத்து, அரைத்து, பையில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். வேலையாட்கள் எட்டுப் பேர். சரக்குக்குக் கேள்வி உண்டு. ஆயினும் பத்து ஆண்டுகளாக எட்டுப் பேர் எட்டுப் பேராகவே இருக்கின்றனர். ஏன்?

வங்கி கடன் தரவில்லை என்பார்கள். போர் அழித்தது என்பார்கள். இரண்டும் உண்மையே. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, கணக்கேட்டோடு ஓடினவர்களாலும் இயந்திரத்தைச் சுமக்க முடியவில்லை. ஆனால் நாம் வாய்விட்டுப் பேசாத காரணம் ஒன்று உண்டு. தொழிலின் பணமும் வீட்டின் பணமும் ஒரே லாச்சியில் கிடக்கின்றன. மூத்த மகளுக்குச் சீதனம் பேசும் நாளில், புது இயந்திரத்துக்கென வைத்த பணம் வீடாகவும் நகையாகவும் மாறிவிடுகிறது. தகப்பன் கடமையைச் செய்தார் என்று ஊர் மெச்சும். எட்டுக் குடும்பங்களின் பிழைப்பும் அப்பணத்தில் இருந்ததே, அவர்களை யார் கேட்டார்கள்?

லாச்சியின் திறப்பும் அப்படித்தான். தென்னிலங்கைப் பட்டினங்களில் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக் கடைகள் பெயர்பெற்றிருந்தன. காசு மேசையில் இருந்தவர் பெறாமகன், அல்லது மைத்துனர். அதுவும் நம்பிக்கைதான், ஆனால் இரத்த உறவோடு முடிந்துவிடும் நம்பிக்கை. இலங்கை அரசின் 2016ஆம் ஆண்டுக் கொள்கை, உற்பத்தித் துறையில் 51 முதல் 300 பேர் வரை வேலை செய்யும் இடத்தையே நடுத்தர நிறுவனம் என்கிறது. 51ஆவது ஆள் நிச்சயமாக உங்கள் மாமன் மகன் அல்லன்! அவனுக்கு நியமனக் கடிதம் வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். செலவுக்குப் பயந்து அவன் பெயரை ஏட்டில் எழுதாமல் விடுவது சிக்கனமல்ல, களவு.

ஸ்பெயின் நாட்டின் மொண்ட்ராகன் என்னும் ஊரில் அரிஸ்மெந்தியரியேத்தா என்ற குருவானவர் 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். முதலில் பள்ளி என்பதைக் கவனியுங்கள். அதில் பயின்ற ஐவர் 1956இல் மண்ணெண்ணெய் அடுப்புச் செய்யும் பட்டறை வைத்தனர். வங்கி 1959இல்தான் வந்தது. இலாபத்தில் தொழிலாளிக்குரிய பங்கு அவர் பெயரிலேயே எழுதப்பட்டு, ஓய்வுபெறும்வரை நிறுவனத்துக்குள்ளேயே முதலாக நின்றது. அந்த முதலைக் கொண்டே ஒரு பட்டறை பல தொழிற்சாலைகளாயிற்று.

நம் ஆலைக்காரரும் தமக்கென ஒரு மாதச் சம்பளம் எழுதிக்கொள்ளட்டும். மகளின் கலியாணத்துக்கு அதிலிருந்து சேர்க்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவுடன் சம்மதிப்பார்களா என்று கேட்கிறீர்கள். அந்த மாப்பிள்ளை வீட்டார் யார்? இதை வாசிக்கும் நம்மில் பாதிப் பேர் அல்லவா?