வாசலில் நிற்கும் அளவுகோல்

ஆசிரியப் பணிக்குத் தகுதி வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடில்லை. அத்தகுதியை எங்கே அளப்பது என்பதே வினா.

தமிழகத்தில் பி.எட். பயிற்சியில் சேர, பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருத்தல் வேண்டும். பிற்படுத்தப்பட்டோர்க்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 43, பட்டியலினத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 40 போதும். இத்தளர்வு தரத்தைத் தாழ்த்தாதோ என நம் இல்லங்களிலும் கேட்கின்றோம்.

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆசிரியர் கற்பிக்கத் தவறினால், தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத தொழிலாளியின் குழந்தையே முதலில் வீழும். ஆசிரியர்க்குக் காட்டும் இரக்கம் மாணவர்க்கு இழைக்கும் அநீதியாகிவிடலாகாது.

ஆயினும், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளை எண்ணிப் பார்ப்போம். தாய் காலணித் தொழிற்சாலைக்குச் சென்றபின், சமைத்து, தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு ஓடும் மகள் 42 பெறுகிறாள். வீட்டுக் கவலையின்றிப் படித்தவள் 52 பெறுகிறாள். இடையிலுள்ள பத்து, அறிவின் வேறுபாடா, ஓய்வின் வேறுபாடா?

அம்மகள் தலித் கத்தோலிக்கராயின் நிலை இன்னும் கடினம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியலினத்தில் சேரார்; தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகவே கொள்ளப்படுகின்றனர். அதே தெருவில், அதே தோல் பதனிடும் வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்த இந்துத் தோழிக்கு 40 போதும். இவளுக்கு 45 வேண்டும். வறுமை ஒன்றே, அளவுகோல் இரண்டு.

நுழைவு மதிப்பெண் ஒருவர்க்கு இதுவரை கிடைத்ததைக் காட்டும். அவர் தரவல்லதைக் காட்டாது. 2012 ஜூலையில் தமிழகத்தில் நடந்த முதல் ஆசிரியர் தகுதித் தேர்வில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. நேரத்தைக் கூட்டி அக்டோபரில் மறுதேர்வு வைத்தபோதும் தேறியோர் சிலரே. அதிக மதிப்பெண்ணோடு நுழைந்தோரும் அங்கே தவறினர் அன்றோ? வாசலைக் குறுக்குவதால் மட்டும் நல்லாசிரியர் உருவாவதில்லை.

தாலந்து உவமையில் ஐந்து பெற்றவனும் இரண்டு பெற்றவனும் ஒரே பாராட்டைப் பெற்றனர். தலைவன் நோக்கியது உழைப்பின் பலனையே.

ஆதலின் வாசல் அகலட்டும், பயிற்சி கடுமையாகட்டும். பாடம் தெரியாதவரை எவராயினும் வகுப்பறைக்கு அனுப்பாதிருப்போம். வகுப்பில் கண்ணயரும் குழந்தை இரவெல்லாம் ஏன் உறங்கவில்லை என அறிந்த ஆசிரியர் நம் பள்ளிகளில் எத்தனை பேர்? நம்மையே கேட்டுக்கொள்வோம்.