பஞ்சமம் வருகிற இடம்

சாமி புறப்பாடு தெற்கு வீதி முனைக்கு வந்தபோது இரவு பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. சீர்பாதக்காரர்கள் சப்பரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தோளை நீவிக்கொண்டு திண்ணைகளில் சாய்ந்துவிட்டார்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஈசல்கள் சுற்றின. நாகஸ்வரக்காரர் சீவாளியை மாற்றிக்கொண்டு தோடியை எடுத்தார். எனக்கு அப்போது பதினேழு வயது. எனக்குத் தெரிந்த சங்கீதமெல்லாம் டீக்கடை ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டுதான். அரைமணி நேரம் ஆனது. ஒரே மாதிரி இழுத்துக்கொண்டிருப்பதாகத்தான் பட்டது. "வீட்டுக்குப் போறேன் பெரியப்பா" என்று எழுந்தேன்.

பெரியப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். சங்கீதம் படித்தவர் இல்லை. ஒரு பாட்டுக்கூடப் பாடிக் கேட்டதில்லை. என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இவ்வளவு நேரமா பஞ்சமத்தைத் தொடாம சுத்திச் சுத்தி வராரு பாரு. எப்ப கொண்டுபோய் வைக்கிறாருன்னு மட்டும் கவனி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். பஞ்சமம் என்றால் எது என்றேன். ஒத்துக்காரரின் சுருதியைக் காட்டி, அதை வைத்துக்கொண்டு மெல்ல முனகிக் காட்டினார். "இதுதான். இந்தப் படி."

நான் காத்திருந்தேன். நாகஸ்வரம் மத்தியமத்துக்கு வந்தது, நின்றது, தைவதத்துக்குத் தாவியது, திரும்பவும் காந்தாரத்துக்கு இறங்கி ஆடியது. படி இருக்கிறது, காலை வைக்க மறுக்கிறது. நெஞ்சுக்குள் ஏதோ தொங்கிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, கடைசியில் அந்தப் பஞ்சமம் வந்தது. திண்ணையில் சாய்ந்திருந்த ஒரு கிழவர் கண்ணைத் திறக்காமலே "ஆகா" என்றார். எனக்குக் கையில் மயிர் சிலிர்த்திருந்தது.

ரசனை என்பது அவரவர் விருப்பம், அதில் சரி, தவறு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை என்று யாராவது பேசும்போதெல்லாம் அந்த வீதி முனைக்குப் போய்விடுகிறேன். கலையின் தரத்தை அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று எதிர்ப்பக்கத்தார் பேசும்போதும் அங்கேதான் போகிறேன். இரண்டு பேச்சுக்கும் அந்த இரவு ஒத்துவரவில்லை.

ஏழு ஸ்வரங்களில் ஸட்ஜமமும் பஞ்சமமும் மட்டும்தான் வகை மாறாதவை. அந்த இரண்டும் ஊன்றிக்கொள்ளும் கால்கள். தோடியில் பஞ்சமத்தை ஒதுக்கி ஆலாபனை செய்வது வழக்கத்தில் உள்ள முறை. ஊன்றுகோல் ஒன்றை எடுத்துவிட்டு நடப்பதால்தான் கேட்கிறவனுக்கு அந்தத் தவிப்பு. இது பெரியப்பாவின் கற்பனை இல்லை, என் கற்பனையும் இல்லை. அந்த ஒலிக்குள் இருந்த செய்தி. முதல் அரைமணி நேரமும் அது அங்கே இருந்தது, எனக்குத்தான் கேட்கவில்லை. அதே சமயம், கேட்காதவரை அது எனக்கு இல்லை. பெரியப்பா நூறு முறை "இது உயர்ந்த சங்கீதம்" என்று சொல்லியிருந்தாலும் நான் எழுந்து போயிருப்பேன்.

நாக்குக்கும் கலைக்கும் தமிழில் ஒரே சொல்தான்: சுவை. காப்பிக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று விருந்தாளியைக் கேட்கிறோம். அவர் சொன்ன அளவைப் போடுகிறோம். யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் ஒரு படம் பிடித்துவிட்டால் நண்பனை இழுத்துக்கொண்டு இரண்டாம் முறை போகிறோம். அவன் பாதியில் தூங்கிவிட்டால் மனம் நோகிறது. வெறும் விருப்பம் என்றால் ஏன் நோக வேண்டும்? அதில் ஏதோ இருக்கிறது, அவன் அதைத் தவறவிட்டான் என்று உள்ளுக்குள் நம்புகிறோம். "எல்லாம் அவரவர் ரசனை" என்பது பல நேரம் பேச்சை முடித்துக்கொள்வதற்கான மரியாதை மட்டுமே.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இதை நுட்பமாகப் பார்த்திருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றையும் சுவைப்பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என்று நான்காகப் பிரித்து முப்பத்திரண்டாக விரிப்பது மரபு. வேப்பங்கொழுந்தை வைத்துப் பாருங்கள். கொழுந்து ஒன்று வெளியே இருக்க வேண்டும். அதைத் தொட நாக்கு வேண்டும். கசப்பு மனத்தில் பட வேண்டும். பிறகுதான் முகம் சுளிக்கும். கசப்பு கொழுந்தில் இருக்கிறதா, நாக்கில் இருக்கிறதா என்று கேட்டால் இரண்டும் கூடிய இடத்தில் என்றுதான் சொல்ல முடியும். விருப்பம் மட்டுமே என்கிறவர்கள் கொழுந்தை மறக்கிறார்கள். தரம் மட்டுமே என்கிறவர்கள் நாக்கை மறக்கிறார்கள்.

தரம் சொல்ல வந்தவர்கள் தவறியதும் உண்டு, பெரிய அளவில். 1930களின் நடுவில் பாரதி மகாகவியா இல்லையா என்று தமிழ்ப் பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. மகாகவிதான் என்று எழுத்தாளர் வ.ரா. நின்றார். நல்ல கவி, தேசிய கவி, ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்க முடியாது என்று எழுத்தாளர் கல்கி நின்றார். கல்கி சாதாரண ஆள் இல்லை. 'கர்நாடகம்' என்ற பெயரில் அவர் எழுதிய இசை விமர்சனங்களுக்கு ஆயிரக்கணக்கான வீடுகள் காத்திருந்தன. அவ்வளவு கூரிய செவி உள்ளவர் இங்கே பிசகினார். மறுத்து எழுதிய கு.ப.ராஜகோபாலனும் சிட்டியும் பாரதியின் கவிதைகளையே எடுத்து வைத்துக்கொண்டு பேசினார்கள். அந்தக் கட்டுரைகள் 1937இல் 'கண்ணன் என் கவி' என்று புத்தகமாயின. பின்னாளில் தம் பத்திரிகை வழியாக வாசகர்களிடம் நிதி கேட்டு, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்றவரும் அதே கல்கிதான். 1947இல் அது திறக்கப்பட்டது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எவ்வளவு பெரிய விமர்சகரின் சொல்லும் கடைசித் தீர்ப்பு ஆகிவிடாது; அவரும் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியவர்தான்.

தவறு தனி ஒருவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கச்சேரியில் தமிழ்ப் பாட்டு கடைசி அரைமணி நேரத் துக்கடாவுக்குத்தான் என்று ஒரு காலம் இருந்தது. அது இசையின் தரம் பற்றிய முடிவுபோலச் சொல்லப்பட்டது. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்து கேள்வி கேட்ட பிறகுதான், அதில் பெரும்பகுதி பழக்கம் என்று தெரிந்தது. பறையையும் கூத்தையும் கலை என்று சொல்வதற்குச் சபைகள் எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ரசனைக்குப் பின்னால் சமூகம் இருக்கிறது, யார் திண்ணையில் உட்கார்ந்தார்கள், யார் தெருவில் நின்றார்கள் என்பது இருக்கிறது என்று இலங்கையிலிருந்து விமர்சகர் கைலாசபதி போன்றவர்கள் வலியுறுத்தியது வீணான பேச்சு அல்ல.

அப்படியானால் விமர்சகர் எதற்கு? இதற்கு எழுத்தாளர் சி.சு.செல்லப்பாவிடம் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். விமர்சகர் க.நா.சுப்ரமண்யம் நல்ல எழுத்தாளர்களின் பட்டியலைச் சொல்வார். அவர் தேர்ந்த வாசகர். அந்தப் பட்டியல்களைப் பிடித்துக்கொண்டு படித்து வளர்ந்தவர்கள் பலர், நானும் ஒருவன். ஆனால் செல்லப்பா பட்டியலோடு நிற்க மறுத்தார். படைப்பை எடுத்து, பிரித்து, எந்த இடம் ஏன் நன்றாக இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்றார். அதற்கு அலசல் விமர்சனம் என்று பெயர். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, 1970 வரை கைப்பணத்தைக் கரைத்து நடத்தினார். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனார். புதுக்கவிதை என்ற ஒன்றைத் தமிழர்கள் படிக்கக் கற்றுக்கொண்டதில் அந்தப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. நல்லது என்று சொல்வதும், நல்லது இருக்கிற இடத்தைக் காட்டுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவதைச் செய்கிறவரையே விமர்சகர் என்பேன்.

இப்போது முதல் காட்சி முடிந்து தியேட்டர் வாசலில் வெளிவருகிறவர் முகத்துக்கு நேரே மைக் நீள்கிறது. "படம் எப்படி?" "செம." அடுத்தவர், "மொக்கை." இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். எந்த இடம், ஏன் என்று கேட்க மட்டும் அங்கே ஆள் இல்லை.

என்னிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. இருபது வயதில் பிடித்த கவிதைகளை அதில் எழுதி வைத்திருக்கிறேன். சிலவற்றின் ஓரத்தில் பேனா மை கலங்கியிருக்கிறது, அது கண்ணீர்தான். இப்போது எடுத்துப் படித்தால் பாதிக்கு மேல் சொற்களின் வீக்கமாகத் தெரிகிறது. கண்ணீர் பொய் இல்லை, ஆனால் அன்று நான் பார்த்தது குறைவு. இந்த மாற்றத்தை யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை. நல்ல கவிதைகளைப் படித்தேன், அறிந்தவர்கள் சுட்டிய வரிகளுக்குத் திரும்பத் திரும்பப் போனேன், ஒரு நாள் வீக்கம் கண்ணில் பட்டது. ரசனை வெறும் விருப்பமாக இருந்தால் அது மாறும், அவ்வளவுதான். வளர்ந்தது என்று சொல்ல முடியாது. என்னுடையது வளர்ந்தது என்பதை என் நோட்டை வைத்தே அறிகிறேன். இதை வாசிக்கிற உங்களிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கும், அல்லது ஒரு கேசட், ஒரு படம்.

அதனால் ஒரு விமர்சனத்தைப் படித்து முடித்ததும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: திரும்பப் போய்ப் பார்த்தபோது முன்பு தெரியாத எதுவும் தெரிந்ததா? தெரிந்தது என்றால் அவர் முடிவோடு நான் ஒத்துப்போகாவிட்டாலும் அவருக்கு நான் கடன்பட்டவன். தெரியவில்லை என்றால் அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், எவ்வளவு கூர்மையாக எழுதியிருந்தாலும் எனக்கு அதில் வேலை இல்லை. அதிகாரம் அவர் பதவியில் இல்லை. அவர் கையைக் காட்டிய பிறகு என் காதுக்குள் நடப்பதில் இருக்கிறது.

பெரியப்பா போய் இருபது வருஷம் ஆகிறது. அந்த இரவு பஞ்சமம் வந்த பிறகு "எப்படி இருந்தது?" என்றுகூட அவர் கேட்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சப்பரத்தின் பின்னால் நடந்தார். நானும் நடந்தேன். பஞ்சமத்தை ஒதுக்கி விரிக்கிற தோடி ஆலாபனை ஒன்றைத் தேடி, வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் கேட்டுப் பாருங்கள். அது எப்போது வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். அவர் சொன்னது சரிதானா என்று பிறகு நீங்களே சொல்லுங்கள்.