தங்கவயலில் ஒரு பகல்

பெங்களூரிலிருந்து ஒருநாள் பயணமாகக் கோலார் தங்கவயல் கண்டு வந்தேன். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய சுரங்கப்பணி, நிலத்துள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழிறங்கி, 2001 பிப்ரவரி 28-இல் நின்றது. வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் பலர் பாறைத்தூசியால் நுரையீரல் நலிந்தனர். இன்று எஞ்சியிருப்பவை சயனைடு கழிவு மேடுகள். காற்றடித்தால் தூசு குடியிருப்புகளுக்குள் புகுகிறது.

இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறையில் கிடைத்த பொன் ஏறத்தாழ 3 கிராமே. ஒரு சவரனுக்கு எத்தனை டன் என்று கணக்கிட்டுப் பாருங்கள்! எங்கள் தேங்காய்ப்பட்டணப் பக்கத்துத் திருமணங்களிலோ சவரன் கணக்கே முதற்பேச்சு.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம் இல்லறத்தாரைப் பொன்னை முற்றும் துறக்கச் சொல்லவில்லை. அளவு வகுக்கச் சொல்கிறது. அவ்வளவை எண்ணால் கூறாதவரை விரதம் தொடங்கவேயில்லை. வரும் தசலட்சண நாள்களில் குடும்பத்தார் முன்னிலையில் அவ்வெண்ணை எழுதி வையுங்கள். மகள் திருமணத்துக்கு மட்டும் விலக்கு என்று கீழே சேர்த்துவிடாதீர்கள்.