எந்தச் சவரிமுத்து?



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஆத்துமாக்களின் மாதம். இறந்தோர் பூசைக்கென்று நீங்கள் எழுதிப் பெட்டியில் போட்ட சீட்டுகளை நேற்றிரவு எடுத்து அடுக்கினேன். ‘அந்தோணி ஆத்துமத்துக்காக’ என்று ஒன்பது சீட்டு. ‘சவரிமுத்து’ என்று ஏழு. ‘மரியம்மாள்’ எத்தனை என்று எண்ணி முடிக்கவில்லை. இவற்றைப் பீடத்தில் வாசிக்கும்போது சர்வேசுரனுக்குச் சந்தேகம் வருவதில்லை. எந்த அந்தோணி, எந்த மரியம்மாள் என்பது அவருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரிவதில்லை. தெரியாததோடு நின்றுவிட்டால் பாதகமில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசிவிடுகிறோமே, அங்கேதான் பாவம் நுழைகிறது.

அப்படிப் பேசியவர்களில் உங்கள் பங்குக் குருவும் ஒருவன். அந்தச் சங்கதியைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். இரு குடும்பத்தாரிடமும் சம்மதம் பெற்று, பெயர்களை மாற்றி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாணத்துக்கு முதல் ஓலை வாசித்தேன். மாப்பிள்ளை பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறவர். பெண் தீப்பெட்டிக் கட்டு ஒட்டிக்கொண்டே பள்ளியிறுதி தேறிய பிள்ளை. இரு குடும்பத்துக்கும் பூர்வீகம் சாத்தூர்ப் பக்கத்தில் ஒரே கிராமம். பூசை முடிந்ததும் ஒரு வயதான பாட்டி சாமியார் பங்களா வாசலில் வந்து நின்றார்.

“சாமி, இந்தக் கலியாணம் ஆகாது. ரெண்டு பேருக்கும் பூட்டன் ஒருத்தர்தான். அந்தோணி மகன் சவரிமுத்து. அப்படியானா இதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறையில்லையா?” என்றார்.

“ஒரு குடும்பம் ஊரிலேயே இருந்தது, மற்றது சிலோனிலிருந்து வந்ததாயிற்றே, பாட்டி?” என்று கேட்டேன்.

“அதைத்தானே சாமி சொல்றேன். அந்த மனுசன் ஊரிலே ஒரு குடும்பம், கண்டிச் சீமையிலே ஒரு குடும்பம் வச்சிருந்தார்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

மாப்பிள்ளையின் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பி, சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலைக்கு வந்து தங்கியவர். பெண் வீட்டாரோ ஊரைவிட்டு அசையாதவர்கள்.

இங்கே திருச்சபைச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1091-ம் சட்டம், பக்கவழி இரத்த உறவில் நான்காம் படி வரையில் விவாகத்தைத் தடுக்கிறது. பொது முன்னோரிடம் ஏறி இறங்கும் வழியில் ஒவ்வொரு பிறப்பும் ஒரு படி. மாமன் மகளும் அத்தை மகனும் நான்காம் படி. ஆகையால்தான் முறைப்பெண்ணைக் கட்டுவதற்கும் மேற்றிராணியாரிடம் விதிவிலக்கு வாங்குகிறோம். பூட்டன் ஒருவரே என்றால் அது ஆறாம் படி. அதற்கு முன்பிருந்த சட்டத்தில் தடை இருந்தது, இன்று இல்லை. ஆனால் ஊர் வழக்கம் வேறு. ஆண் வழியில் பூட்டன் ஒருவரே என்றால் பங்காளி. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை.

நான் தாய்ப்பங்குக்குப் போய்ப் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். கரையான் அரித்த ஓரம், மங்கிய மை, இலத்தீன் எழுத்து. அரைமணி நேரத்தில் கிடைத்துவிட்டது: சவேரியுஸ், தகப்பன் அந்தோனியுஸ். வருஷமும் பொருந்துகிறதுபோல் இருந்தது. புத்தகத்தை மூடினேன். திரும்பி வந்து, “பாட்டி சொல்வது சரிதான் போலிருக்கிறது” என்று இரு வீட்டாரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது தெரியுமா? கலியாணப் பேச்சு நின்றது. அதுமட்டுமா? பெண்ணின் தகப்பனார் வருஷாவருஷம் இறந்தோர் திருநாளில் தம் தாத்தாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூசி மெழுகுதிரி ஏற்றுகிறவர். அந்த வருஷம் அவர் கல்லறைத் தோட்டத்துக்கே வரவில்லை என்று கோயில்பிள்ளை வந்து சொன்னார். இரண்டு குடும்பம் வைத்திருந்தவருக்கு எதற்கு மெழுகுதிரி என்று நினைத்தார்போலும்.

என்னைத் திருத்தியது அந்தப் பெண்பிள்ளைதான். ஒரு நாள் வந்து, “சாமி, அந்தப் புத்தகத்திலே பூட்டனுடைய அம்மா பேர் என்ன போட்டிருக்கு?” என்று கேட்டாள். நான் விழித்தேன். தகப்பன் பெயர் பொருந்தியதும் புத்தகத்தை மூடியவன் தாய் பெயரை எங்கே பார்த்தேன்?

மறுநாளே திரும்பப் போனேன். இம்முறை ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்தேன். நான் பார்த்த பதிவில் தாய் பெயர் அன்னா. நான்கு வருஷம் தள்ளி இன்னொரு பதிவு: அதே சவேரியுஸ், அதே அந்தோனியுஸ், தாய் பெயர் லூசியா. அன்னா இறந்து, அதே அந்தோணி லூசியாவை மறுவிவாகம் செய்திருக்கலாமோ? மரணப் புத்தகத்தைப் புரட்டினேன். லூசியாவின் மகன் பிறந்து நெடுங்காலம் கழித்தே அன்னா இறந்திருக்கிறாள். விவாகப் புத்தகத்தைப் பார்த்தேன். ஓர் அந்தோணி இராயப்பன் மகன். மற்ற அந்தோணி சின்னப்பன் மகன். ஆகத் தகப்பன்மாரும் இருவர், மக்களும் இருவர்.

கடைசியாக, முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். அது பதிவின் ஓரத்தில் பொடியெழுத்தில் இருந்தது. 1908-ம் ஆண்டுப் பாஸ்குத் திருநாள் முதல் நடைமுறைக்கு வந்த ‘நே தெமெரே’ என்னும் விதிப்படி, ஒருவருக்கு எங்கே விவாகம் நடந்தாலும் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். அன்னா மகன் சவரிமுத்துவுக்கு ஊரிலேயே விவாகம். லூசியா மகன் சவரிமுத்துவுக்குக் கண்டி மேற்றிராசனத்தில் விவாகம். இருவரும் ஒரு மனைவியோடு வாழ்ந்தவர்கள். கடல் தாண்டி ஒரு குருவானவர் கடமை தவறாமல் எழுதிய கடிதமும், இங்கே ஒருவர் அதைக் கருத்தாய்க் குறித்த ஒரு வரியும், இத்தனை காலத்துக்குப் பிறகு இரண்டு மனிதரின் மானத்தைக் காத்தன.

இரு வீட்டாரையும் வரவழைத்து, என் தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாட்டியும் வந்திருந்தார். “எங்க ஆத்தா சொன்னதைத்தானே சாமி நான் சொன்னேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, கேட்டதைச் சொன்னார். நானோ புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே சோதிக்காமல் சொன்னேன். எது பெரிய தவறு என்று நீங்களே தீர்மானியுங்கள். கலியாணம் நடந்தது. அடுத்த நவம்பரில் அந்தக் கல்லறையில் மெழுகுதிரியும் எரிந்தது.

இந்தக் குழப்பம் நமக்குள் ஏன் இவ்வளவு சுலபமாய் வருகிறது? பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். அந்தப் பெயரனே பேரன். அந்தோணி மகன் சவரிமுத்து, அவன் மகன் அந்தோணி, அவன் மகன் மறுபடியும் சவரிமுத்து. ஒரு நூற்றாண்டுப் புத்தகத்தில் ‘அ. சவரிமுத்து’ ஒரு வீட்டுக்கே இருவர் மூவர் வருவார்கள். பாலகனாய் இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைத்த தாய்மாரும் உண்டு. போதாததற்கு, ஊர்ப் பாதுகாவலரின் பெயரைத் தெருவுக்குப் பத்துப் பேர் தாங்குகிறார்கள்.

இருவரை ஒருவராக்குவது ஒரு தவறு. ஒருவரை இருவராக்குவது இன்னொரு தவறு. புத்தகத்தில் பெத்ருஸ் என்று இருப்பவர் ஊரில் இராயப்பன். யோவான்னெஸ் என்பவர் அருளப்பன். அலோய்சியுஸ் என்பவர் ஞானப்பிரகாசம். பாவுலுஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சிறியவன் என்று பொருளாதலால் அவர் சின்னப்பன். சூசை, யோசேப்பு, ஜோசப் எல்லாம் ஒரு பெயரே. காமநாயக்கன்பட்டியில் பணிபுரிந்த நம் வீரமாமுனிவர் தேம்பாவணியில் அவரையே வளன் என்று பாடினார். இது தெரியாதவன் ஒரு மனிதனை நாலாக வெட்டிவிடுவான்.

சுவிசேஷத்தைப் பாருங்கள். அர்ச். மத்தேயு எழுதிய வம்ச அட்டவணையில் அர்ச். சூசையப்பரின் தகப்பன் பெயர் யாக்கோபு. பழைய ஏற்பாட்டிலும் யாக்கோபின் மகன் ஒரு சூசை உண்டு. இருவரும் கனவினால் நடத்தப்பட்டார்கள்; இருவரும் எஜிப்து தேசத்துக்குப் போனார்கள். பெயரும் தகப்பன் பெயரும் ஊரும் பொருந்துகிறதென்று இருவரையும் ஒருவராக்கினால் என்ன ஆகும்? அப்போஸ்தலர்களில் இரண்டு சீமோன், இரண்டு யாகப்பர், இரண்டு யூதாஸ். கடைசி இராப்போஜனத்தில் ஒரு யூதாஸ் கேள்வி கேட்டதை எழுதும்போது, அவர் இஸ்காரியோத்து அல்ல என்று அர்ச். அருளப்பர் கவனமாய்க் குறிக்கிறார். துரோகியின் பழி அதே பெயருள்ள நல்லவர்மேல் விழக்கூடாதென்று அவருக்கு அவ்வளவு எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை தவறிய இடமும் உண்டு. 591-ம் ஆண்டில் பெரிய கிரகோரியார் என்னும் பாப்பானவர் ஒரு பிரசங்கத்தில், மரிய மதலேனம்மாளையும், பெத்தானியா ஊர் மரியாளையும், சேசுநாதரின் பாதத்தைக் கண்ணீரால் நனைத்த பெயர் சொல்லப்படாத பாவியான ஸ்திரீயையும் ஒருத்தியாகவே பேசினார். அவர் அர்ச்சியசிஷ்டவர், சாஸ்திரி. ஆனாலும் அந்தக் கருத்து மேற்றிசைத் திருச்சபையில் ஏறக்குறைய 1400 வருஷம் நிலைத்தது. 1969-ம் ஆண்டின் புதிய நாட்காட்டி அவர்களைப் பிரித்தது. 2016-ல் ஜூலை 22-ம் நாள் மதலேனம்மாளின் நினைவு, அப்போஸ்தலர்களுக்கு ஒப்பான திருநாளாக உயர்த்தப்பட்டது. அர்ச்சியசிஷ்டவர்களே தவறக்கூடுமானால், அரைமணி நேரம் புத்தகம் பார்த்த நான் எம்மாத்திரம்?

எட்டாம் கற்பனை பொய்ச்சாட்சியை விலக்குகிறது. உயிரோடிருப்பவன்மேல் பழி சொன்னால் அவன் எழுந்து நின்று மறுப்பான். இறந்தவன் மறுக்க மாட்டான். ஆகையால் அவன் விஷயத்தில் நமக்குக் கடன் கூடுதல். “அந்த வீட்டுப் பாட்டன் அப்படிப்பட்டவன்” என்று பேசுமுன், எந்தப் பாட்டன் என்று ஒரு நிமிஷம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் பகுதியாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தை யார் மறந்தார்கள்? அப்படிப்பட்ட நாளில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெயரை வாசித்தால், அதே பெயருக்கு உடையவர்கள் இரண்டு வீட்டில் இருப்பார்கள். தகப்பன் பெயர் என்ன, எந்தத் தெரு என்று கேட்டு முடிக்கும்வரை இரண்டு தாய்மாரின் உயிரும் துடிக்கும். சிவகாசித் தீப்பெட்டியில் ஆயிரம் பெட்டிக்கும் ஒரே லேபிள் ஒட்டலாம். மனிதருக்கு ஒட்ட முடியாது.

திருச்சபை இதை எப்போதோ உணர்ந்திருக்கிறது. 1563 நவம்பர் 11-ம் நாள் திரெந்து பொதுச்சங்கம், விவாகம் செய்வோர் பெயரையும் சாட்சிகள் பெயரையும், ஞானஸ்நானத்தில் ஞானத்தாய் தகப்பன் பெயரையும் புத்தகத்தில் எழுதும்படி பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. இன்றைய சட்டத்தில் 535-ம் சட்டம் பழைய புத்தகங்களையும் பத்திரமாய்க் காக்கச் சொல்லுகிறது. அவை வெறும் தூசிக் காகிதம் அல்ல.

ஆகவே இந்த மாதம் உங்களிடம் ஒரு சிறு காரியம் கேட்கிறேன். பூசைச் சீட்டில் வெறும் ‘அந்தோணி’ என்று எழுதாதீர்கள். தகப்பன் பெயர், தாய் பெயர், மனைவி அல்லது கணவன் பெயர், ஊர், வீட்டுப் பட்டப்பெயர், இறந்த வருஷம் ஆகியவற்றில் தெரிந்தவரை எழுதுங்கள். வீட்டில் எண்பது கடந்தவர்கள் இருந்தால் இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டன் பாட்டி, பூட்டன் பூட்டி பெயர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெண்வழிப் பெயர்களை விட்டுவிடாதீர்கள். எனக்கு வழி காட்டியது ஒரு தாயின் பெயரே. சந்தேகமானதைச் சந்தேகம் என்றே எழுதுங்கள்.

உயிர்த்த ஞாயிறு காலையில் கல்லறைத் தோட்டத்தில் மதலேனம்மாள் ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார், உடனே அறிந்துகொண்டாள். யூதேயாவில் மரியா என்ற பெயர் எத்தனையோ பேருக்கு இருந்தது. ஆனாலும் அவர் அழைத்தது தன்னைத்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் அத்தனை சவரிமுத்துகளையும் மரியம்மாள்களையும் அவர் அப்படியே ஒவ்வொருவராய் அழைப்பார். அதுவரை அவர்களை ஒருவரோடொருவர் கலந்துவிடாமல் நினைவில் வைத்து வேண்டிக்கொள்வது நம் கடன்.

உங்கள் பங்குக் குரு