வித்தைக்குப் பூட்டு

தான் கற்ற வித்தையைப் பிறர் அறியாதபடி மறைத்து வைத்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை உண்டா என்னும் கேள்வி, நிலத்தையும் பொன்னையும் பற்றிய வழக்குகளைப் போல நீதிமன்றத்தில் முடிவு காணத்தக்கது அன்று. நிலத்தைத் தானம் செய்தவனுக்கு அந்த நிலம் இல்லாது போகிறது. பொன்னைக் கொடுத்தவனுடைய பெட்டியில் அந்த அளவு பொன் குறைகிறது. வித்தையைக் கொடுத்தவனிடமோ கொடுத்த பின்னும் அது முழுமையாக இருப்பதோடு, சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தினால் முன்னிலும் தெளிவு பெறுகிறது. குறையாத ஒன்றைக் கொடுக்க மறுப்பது லோபமா, அல்லது பாடுபட்டுத் தேடியவன் தன் தேட்டத்துக்கு இட்டுக்கொள்ளும் நியாயமான காவலா என்று நம் பெரியோர் நெடுங்காலம் விசாரித்திருக்கிறார்கள். அந்த விசாரம் இன்று மடங்களைக் காட்டிலும் பள்ளிக்கூடத்துக் கணினி அறையிலேதான் அவசியமாக நடைபெற வேண்டியிருக்கிறது. ஏனெனில், கணக்கு எழுதுவது முதல் கண் பரிசோதனை வரை நம் காலத்து வித்தைகள் பலவும் மென்பொருளாக எழுதப்பட்டுவிட்டன. அவற்றுள் சில யாவரும் உட்புகுந்து காணும்படி திறந்திருக்கின்றன, சில பூட்டிக் கிடக்கின்றன. எதைக் கொண்டு குழந்தைகளுக்குக் கற்பிப்பது என்பது நம் கையில் இருக்கிறது.

மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் சென்று, சிவகங்கைச் சாலையில் திரும்பிச் சிறிது தூரம் போனால் திருக்கோஷ்டியூர் வருகிறது. சௌமிய நாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அந்தத் திவ்விய தேசத்திலேதான், வித்தையின் உரிமை பற்றிய விசாரத்தில் தமிழகம் கண்ட மிகப் பெரிய சம்பவம் நிகழ்ந்ததாக வைணவ சம்பிரதாயம் கூறுகிறது. திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து, திருக்கோஷ்டியூர் நம்பியின் திருவடியில் காத்துக் கிடந்து, வேறொருவருக்கும் வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்து ரகசியார்த்தத்தைப் பெற்ற இராமாநுசர், அடுத்த நாளே கோயிலில் உயர ஏறி நின்று, ஆசையுடையார் அனைவரும் கேட்கும்படி அதை அறிவித்தார் என்பது வரலாறு. உபதேசிக்கப்பட்டது திருமந்திரத்தின் பொருளா, சரம சுலோகத்தின் பொருளா என்பதிலும், கூடி நின்று கேட்டவர்கள் யாவர் என்பதிலும் நூல்கள் ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப் போகவில்லை. ஆயினும் நம்பி சினந்து கேட்டபோது இராமாநுசர் சொன்ன மறுமொழியின் கருத்து எல்லா வழக்கிலும் ஒன்றே: ஆசாரியனுக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்கு நரகம் பலனாயின் அதைத் தாம் ஒருவர் அனுபவிப்பதும், கேட்டவர் பலர் கடைத்தேறுவதும் தமக்குச் சம்மதம் என்பதாம். அது கேட்ட நம்பி அவரைத் தழுவி, எம்பெருமானார் என்று பெயரிட்டார்.

இந்தக் கதையை எடுத்துரைப்போர் இராமாநுசரின் கருணையைப் புகழ்வதோடு நின்றுவிடுகிறார்கள். அவர் வாக்கு மீறுதலைக் குற்றமில்லை என்று ஓரிடத்திலும் சாதிக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். வாக்கு வாக்குத்தான், அதை மீறியவனுக்குத் தண்டனையும் உண்டு, அந்தத் தண்டனையை ஏற்றுக்கொண்டுதான் அவர் மேலே ஏறினார். ஆக, மறைக்கச் சொல்லும் நிபந்தனை ஒரு நல்ல மனிதனை இரண்டு தர்மங்களுக்கு நடுவே நிறுத்திவிடுகிறது: சொன்னால் சத்தியத்துக்குத் துரோகம், சொல்லாவிட்டால் அயலானுக்குத் துரோகம்.

இதே தர்மசங்கடம், 1980-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், தாள் சிக்கி நின்ற ஓர் அச்சுப்பொறியின் வடிவில் வந்து நின்றது. ஜெராக்ஸ் நிறுவனம் கொடுத்திருந்த அந்த லேசர் அச்சுப்பொறி அடிக்கடி தடைப்பட்டது. முன்னிருந்த அச்சுப்பொறியின் மென்பொருளை, தாள் சிக்கியவுடன் காத்திருப்போருக்குத் தகவல் போகும்படி திருத்தி வைத்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், புதியதையும் அவ்வாறே திருத்த விரும்பினார். ஆனால் அதன் மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரிடம் நேரில் சென்று கேட்டபோது, எவருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். மூலநிரல் என்பது மனிதர் படிக்கத்தக்க எழுத்து வடிவில் மென்பொருளின் உள்ளே இருக்கும் செய்முறை. அதைத் தராமல் மென்பொருளை மட்டும் தருவது, வண்டியை விற்றுவிட்டு, வாங்கியவன் அச்சாணியைக் கழற்றிப் பார்க்கலாகாது என்று தடுப்பதற்கு ஒப்பாகும்.

ஸ்டால்மன் கண்ட முடிவு இராமாநுசர் கண்ட முடிவிலிருந்து ஒரு படி வேறுபடுகிறது. கொடுத்த வாக்கை மீறுவதைக் காட்டிலும், அத்தகைய வாக்கை எக்காலத்தும் கொடுக்காமலிருப்பதே மேல் என்று அவர் துணிந்தார். அவ்வாறு வாழ வேண்டுமாயின் வாக்குக் கேட்காத மென்பொருள் வேண்டும். அது எங்கும் இல்லாமையால் தாமே எழுதத் தலைப்பட்டு, 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989-இல் பொது உரிமம் ஒன்றை வெளியிட்டார். எந்தக் காரியத்துக்கும் இயக்கலாம், உள்ளே படித்துப் பார்க்கலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், திருத்தித் திருத்தியதையும் வழங்கலாம் என்னும், கட்டற்ற மென்பொருளின் இலக்கணமான நான்கு உரிமைகளை, மென்பொருளைப் பெறுபவருக்கு அளித்து, வழங்குவோர் அதே உரிமைகளை அடுத்தவருக்கும் அளித்தே தீர வேண்டும் என்று அந்த உரிமம் கட்டுப்படுத்துகிறது. பதிப்புரிமைச் சட்டம் எந்தப் பூட்டுக்காக உண்டாயிற்றோ, அந்தச் சட்டத்தையே கதவைச் சாத்த முடியாதபடி முட்டுக் கொடுக்கப் பயன்படுத்திய சாமர்த்தியம் இது. ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்னும் இயங்குதளக் கரு, மறு ஆண்டே இந்த உரிமத்தின் கீழ் வந்து, உலகெங்குமுள்ள பலருடைய கைகளில் வளர்ந்தது.

படியெடுத்தலைக் குற்றமாகக் கருதும் மனோபாவம் நம் நாட்டுக்குப் புதிது. மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறிச் சென்றால், பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களின் கீழே வட்டெழுத்தில் சில பெயர்கள் காணப்படுகின்றன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவற்றைச் செய்வித்தவர்களுள் பலர், குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் கல்விக்கூடத்தின் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் ஆவர். இன்னாருடைய மாணாக்கர் இன்னார் செய்வித்தது என்று கல்லில் எழுதிய அந்தச் சமணச் சமயத்தார் தானத்தை நான்காக வகுத்து, உணவுக்கும் மருந்துக்கும் அபயத்துக்கும் நிகராகச் சாஸ்திர தானத்தை வைத்தார்கள். சாஸ்திர தானம் என்றால் நூலைப் படியெடுப்பித்துப் பிறருக்கு வழங்குதல். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பை என்னும் சமணப் பெருமாட்டி, பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியதாகக் கொண்டாடப்படுகிறாள். படியெடுப்போர் இல்லாத ஏடு கரையானுக்கே இரையாகும் என்பதை அனுபவத்தில் கண்டவர்களுக்கு, படியெடுத்தல் புண்ணியமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்தப் புண்ணியம் நம் காலத்திலும் நடந்திருக்கிறது. அதுவும் நம் மதுரையின் பெயராலேயே நடந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரில் வாழ்ந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முன்னின்று, 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய முயற்சிக்கு, சங்கம் இருந்த ஊர் என்னும் கௌரவத்தினால் மதுரைத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பல நாடுகளில் சிதறி வாழும் தமிழர்கள் ஊதியம் எதுவும் பெறாமல் பழைய நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் மின்வடிவில் பொதுவில் வைத்தார்கள். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் ஏடு தேடுவோருக்குச் செய்த உபகாரத்தை, இவர்கள் உலகின் எந்த மூலையிலிருந்தும் பெறத்தக்கதாக விரித்துவிட்டார்கள். 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருளைப் பற்றிய பாடங்களைத் தமிழில் எழுதி யாவரும் பகிரும்படி வெளியிட்டு வருகிறது. மதுரைத் திட்டத்தில் நூலைப் பெறுபவரும் கணியத்தில் பாடம் படிப்பவரும் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு ஆட்சேபங்கள் உண்டு. அவை அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. முதலாவது அதிகாரி பேதம்: தகுதியில்லாதவன் கையில் வித்தை அகப்பட்டால் தீங்கு விளையும் என்பர். இது சில வித்தைகளில் உண்மையே. ஆனால் மறைப்பினால் விளையும் தீங்கையும் உடன் நிறுத்துப் பார்க்க வேண்டும். பரிபாஷையில் மறைத்து எழுதிய சித்த மருத்துவச் சுவடிகளில், குறிப்பறிந்த வைத்தியர் தம் மகனுக்கும் சொல்லாமல் இறந்த பிறகு, சொல் இருந்தும் பொருள் விளங்காமற்போன முறைகள் உண்டு. மென்பொருளிலும் நிறுவனம் கைவிட்டால் பூட்டிய நிரல் அநாதையாகிறது. திறந்த நிரலை வேறொருவர் எடுத்து வளர்க்கலாம். தீயவன் நிரலைப் படிப்பான் என்று அஞ்சிப் பூட்டினால், அதிலுள்ள ஓட்டையைக் கண்டு சொல்லக்கூடிய நல்லவர்களும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் வயிற்றைப் பற்றியது: எல்லாவற்றையும் திறந்து கொடுத்தால் எழுதுபவன் எப்படிப் பிழைப்பான்? கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்க ஸ்டால்மனின் பொது உரிமம் தடை விதிக்கவில்லை. நிறுவித் தருவதற்கும், பயிற்சி அளிப்பதற்கும், புதிதாகச் சேர்த்து எழுதித் தருவதற்கும் ஊதியம் வாங்கிக் குடும்பம் நடத்துவோர் பலர் இருக்கிறார்கள். குருவுக்குத் தட்சிணை உண்டு. தட்சிணை வாங்கிய குரு, சீடன் இன்னொருவனுக்குக் கற்பிக்கக் கூடாது என்று சபிப்பதுதான் தகாதது. கொடுத்தவர் கெட்டுப் போவதில்லை என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசுவாமி 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு செலுத்த இயலாதோருக்கும் அறுவை செய்து, தன் முறைகளை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், 1992-இல் அதற்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் அமைத்து, பிற மாநிலங்களிலிருந்தும் அயல் நாடுகளிலிருந்தும் வந்த மருத்துவமனைகளுக்குக் கற்பித்தது. அதனால் அரவிந்தின் வாசலில் கூட்டம் குறைந்ததாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஒழுக்கத்தைக் கற்பிக்கும் இடம் என்று நாம் நம்பும் பள்ளிகளுள் சிலவற்றில், கள்ளாமை அதிகாரத்தைச் செய்யுள் பகுதியில் மனப்பாடம் செய்யும் மாணவன், அடுத்த பாடவேளையில், கடைக்காரர் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக ஏற்றிக் கொடுத்த மென்பொருளின் முன் உட்காருகிறான். ஆசிரியருக்கும் அது தெரியும். விலை கொடுக்கப் பள்ளியில் பணம் இல்லை என்பதும் தெரியும். பூட்டிய வித்தை ஏழைப் பள்ளியை இவ்வாறு பொய்யிலே பழக்குகிறது. கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தும் பள்ளிக்கு இந்தக் கூச்சமே வேண்டியதில்லை; மாணவன் ஒரு படி வீட்டுக்குக் கொண்டுபோனால், அது களவாகாமல் சாஸ்திர தானமாகிறது.

உரிமைக்கு அப்பால் கல்வியின் பயனும் இருக்கிறது. நம் மாநிலத்துப் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்த மாணவர் பைத்தான் என்னும் நிரல்மொழியைப் படிக்கிறார், அது கட்டற்றது. அதனோடு வரும் கோப்புகளுள் நாட்காட்டிக்கு உரிய ஒன்றைச் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தால், மாதங்களின் நாட்கணக்கு 31, 28, 31 என்று வரிசையாக எழுதியிருப்பது தெரியும். அந்த வரிசைக்கு முன்னே ஒரு பூஜ்யம் நிற்கிறது. கணினி எண்ணத் தொடங்குவது பூஜ்யத்திலிருந்து. ஜனவரிக்கு ஒன்றாம் இடம் கிடைக்கட்டும் என்று எழுதியவர் அதை முன்னே நிறுத்தியிருக்கிறார். சற்றுக் கீழே, நான்கால் வகுபட வேண்டும், நூறால் வகுபடலாகாது, நானூறால் வகுபட்டால் ஆகும் என்று லீப் ஆண்டின் விதி ஒரே வரியில் இருக்கிறது. சிறு வகுப்பில் தான் வாய்ப்பாடாகப் படித்த விதி உலகெங்கும் ஓடும் ஒரு கருவிக்குள் இருப்பதைக் கண்ட பிள்ளைக்கு, இதை நானும் எழுதலாம் என்ற எண்ணம் உதிக்கிறது. பூட்டிய மென்பொருள் எத்தனை அழகாயினும் அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை.

தமிழ்நாட்டில் வழி அடைபட்டிருக்கவில்லை. பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல், உபுண்டு என்னும் லினக்ஸ் வகையையும் ஓப்பன் ஆபீஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளையும் கற்பிக்கிறது. 2011 முதல் மாணவருக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. ஏற்றித் தருவது வேறு, பழக்குவது வேறு. சொல்லித் தர ஆளில்லாத இடங்களில் அது திறக்கப்படாமலே கிடந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில், ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, பாடத்தையும் பரீட்சையையும் சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கே மாற்றியது. சர்க்கார் உத்தரவைக் காட்டிலும் பழகிய ஆசிரியரின் துணை அங்கே பெரிதாக இருந்தது.

ஆகவே, மதுரையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். செப்டம்பர் மாதத்து மூன்றாம் சனிக்கிழமையை மென்பொருள் சுதந்திர தினமாக உலகில் பல ஊர்களில் கொண்டாடுகிறார்கள். அன்று உங்கள் பள்ளிக் கணினி அறையைப் பொதுமக்களுக்குத் திறந்து வையுங்கள். அருகிலுள்ள பொறியியற் கல்லூரி மாணவர்களை அழைத்து, பழைய கணினி ஒன்றிலேனும் லினக்ஸை நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். வரும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு படி கொடுத்து அனுப்புங்கள். கொடுப்பதற்கு எவருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை.